ஒரு சட்ட ஆய்விதழின் செல்வாக்கை எப்படி அறிவது?

சட்டம் படிக்க வருபவர்கள் தொடக்கத்திலேயே இரண்டு வகை வெளியீடுகளைச் சந்திக்கிறார்கள். ஒன்று தீர்ப்புத் திரட்டு. நீதிமன்றங்கள் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்து அச்சிடுவது அதன் வேலை. மற்றொன்று சட்ட ஆய்விதழ். அந்தத் தீர்ப்பு சரிதானா, அதன் அடியில் இருக்கும் கொள்கை என்ன, நாளை வேறு மாதிரி ஒரு வழக்கு வந்தால் அந்தக் கொள்கை தாங்குமா என்று கேட்பது அதன் வேலை. உயர் நீதிமன்றம் சொன்னதைக் கீழமை நீதிமன்றம் பின்பற்றியாக வேண்டும். ஆனால் ஒரு பேராசிரியர் ஆய்விதழில் எழுதியதை எந்த நீதிபதியும் பின்பற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

எந்த அதிகாரமும் இல்லாத ஓர் எழுத்து எப்படிச் சட்டத்தை மாற்றுகிறது? ஆய்விதழின் செல்வாக்கு என்று பேசும்போது நாம் கேட்பது இதைத்தான். பல்கலைக்கழகங்களும் பதவி உயர்வுக் குழுக்களும் இந்தக் கேள்வியை ஓர் எண்ணுக்குள் அடக்கிவிடப் பார்க்கின்றன. எண் ஓரளவுக்குத் தகவல் தரும், மறுக்கவில்லை. ஆனால் சட்டத் துறையில் ஒரு கட்டுரை யார் கைக்குப் போனது, அங்கே என்ன ஆனது என்று தடம் பிடித்துப் போனால்தான் விஷயம் விளங்கும் என்பது என் உறுதியான எண்ணம். ஒரே ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு அப்படிப் போய்ப் பார்ப்போம்.

1890 டிசம்பரில் ஹார்வர்ட் லா ரிவ்யூ இதழில் ‘அந்தரங்க உரிமை’ என்ற பொருளில் ஒரு கட்டுரை வெளியானது. எழுதியவர்கள் பாஸ்டனைச் சேர்ந்த இரண்டு வழக்கறிஞர்கள், சாமுவேல் வாரனும் லூயிஸ் பிராண்டைஸும். இதழோ 1887-இல் மாணவர்கள் தொடங்கியது. அப்போது அதற்கு மூன்று வயதுதான் முடிந்திருந்தது. நொடியில் படம் பிடிக்கும் கேமராக்கள் வந்துவிட்டன, செய்தித்தாள்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டன, ஆனால் இதைத் தடுக்கச் சட்டத்தில் நேரடியான வழி இல்லை என்பது அவர்களுடைய கவலை.

அவர்கள் செய்த வேலையைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்க்க வேண்டும். சட்ட ஆய்வு என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. புதிய உரிமை ஒன்று வேண்டும் என்று அவர்கள் வெறுமனே முறையிடவில்லை. பழைய வழக்குகளைத் திரட்டினார்கள். அவற்றில் ஒன்று 1849-இல் இங்கிலாந்தில் முடிந்த வழக்கு. விக்டோரியா அரசியும் அவர் கணவர் இளவரசர் ஆல்பர்ட்டும் தங்கள் சொந்த மகிழ்ச்சிக்காகச் செதுக்கி அச்செடுத்த ஓவியங்களின் பிரதிகள் வெளியே கசிந்துவிட்டன. ஸ்ட்ரேஞ்ச் என்ற பதிப்பாளர் அவற்றை விவரிக்கும் பட்டியல் ஒன்றை வெளியிட முனைந்தார். நீதிமன்றம் தடை விதித்தது. சொத்துரிமையும் நம்பிக்கைத் துரோகமும்தான் அந்தத் தடைக்குச் சொல்லப்பட்ட காரணங்கள். வாரனும் பிராண்டைஸும் கேட்டார்கள்: படங்களை அச்சிடக்கூடாது என்பது சரி, அவை எப்படி இருக்கும் என்று விவரிக்கக்கூட ஏன் தடை? விவரிப்பதால் எந்தச் சொத்து களவு போகிறது? அப்படியானால் நீதிமன்றம் உண்மையில் காப்பாற்றியது சொத்தை அல்ல. ஒரு மனிதர் தன் மனத்தையும் வாழ்வையும் தனக்குள் வைத்துக்கொள்ளும் உரிமையை. அதற்கு நேரடியாகப் பெயர் சூட்டி ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்றார்கள்.

சிதறிக் கிடக்கும் தீர்ப்புகளுக்கு அடியில் ஓடும் ஒரு கொள்கையைக் கண்டெடுத்து, அதற்கு வாதமும் வடிவமும் கொடுப்பது. நல்ல ஆய்விதழ்க் கட்டுரை பெரும்பாலும் இந்த வேலையைத்தான் செய்கிறது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். 1902-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு வந்தது. ஓர் இளம்பெண்ணின் படத்தை அவரைக் கேட்காமலே மாவு விளம்பரத்தில் போட்டுப் பல்லாயிரம் பிரதிகள் ஒட்டிவிட்டார்கள். அந்த மாநிலத்தின் உச்ச அமர்வு, கட்டுரையை எடுத்துப் பேசிவிட்டு, இப்படி ஓர் உரிமை சட்டத்தில் இல்லை என்று நான்குக்கு மூன்று என்ற கணக்கில் மறுத்துவிட்டது. மக்களிடம் எழுந்த கோபத்தில் மறு ஆண்டே மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. 1905-இல் ஜார்ஜியா மாநில உச்ச நீதிமன்றம், காப்பீட்டு விளம்பரத்தில் அனுமதியின்றித் தன் படம் வந்ததாக ஓர் ஓவியர் தொடுத்த வழக்கில், அந்தரங்க உரிமை உண்டு என்று ஏற்றது. 1916-இல் பிராண்டைஸ் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியானார். 1928-இல் தொலைபேசி ஒட்டுக்கேட்பு வழக்கில் பெரும்பான்மை நீதிபதிகள் அரசின் பக்கம் நின்றபோது, அவர் எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் பழைய கட்டுரையின் கருத்து அரசுக்கு எதிரான உரிமையாக விரிந்தது. 1967-இல் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பை அதே நீதிமன்றம் கைவிட்டது. இடையில் 1960-இல் வில்லியம் பிராசர் கலிஃபோர்னியா லா ரிவ்யூவில் எழுதிய கட்டுரை, அதுவரை குவிந்த நூற்றுக்கணக்கான வழக்குகளை நான்கு வகைகளாகப் பிரித்துக் கொடுத்தது. அமெரிக்க நீதிமன்றங்கள் இன்றும் அந்த நான்கு வகைகளைத்தான் கையாள்கின்றன. 2017 ஆகஸ்ட் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாக அறிவித்தபோது, அந்தத் தீர்ப்பிலும் 1890-ஆம் ஆண்டுக் கட்டுரை விவாதிக்கப்பட்டிருக்கிறது.

ஏறத்தாழ 127 ஆண்டுகள். இப்போது எண்களுக்கு வருவோம்.

ஆய்விதழ்களை எடைபோட உலகம் முழுவதும் பயன்படும் அளவு ‘தாக்கக் காரணி’. கணக்கு எளிது. 2024-க்கான தாக்கக் காரணி வேண்டுமென்றால், அந்த இதழ் 2022, 2023 ஆகிய இரண்டு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளுக்கு 2024-இல் மற்ற கட்டுரைகளில் எத்தனை மேற்கோள்கள் கிடைத்தன என்று எண்ண வேண்டும். அதை அந்த இரண்டு ஆண்டுகளில் வெளியான கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 40 கட்டுரைகள், 60 மேற்கோள்கள் என்றால் தாக்கக் காரணி 1.5. அவ்வளவுதான்.

மேற்கோளை எண்ணும் பழக்கமே சட்டத்திலிருந்துதான் பிற துறைகளுக்குப் போனது. பலருக்கு இது தெரியாது. 1873-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஃபிராங்க் ஷெப்பர்ட் என்பவர் ஒரு தொழில் தொடங்கினார். ஒரு தீர்ப்பைப் பிற்காலத்தில் எந்தெந்தத் தீர்ப்புகள் எடுத்தாண்டன, எவை மறுத்தன என்று பசை தடவிய காகிதத் துண்டுகளில் அச்சிட்டு விற்றார். வழக்கறிஞர்கள் அவற்றை வாங்கித் தங்கள் தீர்ப்புத் திரட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார்கள். ஒரு முன்னோடித் தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா, பிற்காலத் தீர்ப்பால் செத்துவிட்டதா என்று தெரியாமல் வாதாட முடியாது அல்லவா? இந்த முறையைக் கேள்விப்பட்டுத்தான் யூஜின் கார்ஃபீல்ட் அறிவியல் கட்டுரைகளுக்கும் அதேபோல் ஓர் அட்டவணை வேண்டும் என்று 1955-இல் எழுதினார். 1964-இல் அதை வெளியிட்டார். எந்த இதழ்களை அட்டவணையில் சேர்ப்பது என்று முடிவு செய்ய உதவிய கணக்குதான் பிறகு தாக்கக் காரணி என்ற பெயரில் நிலைபெற்றது.

ஷெப்பர்டின் காகிதத் துண்டில் ஒன்று இருந்தது, தாக்கக் காரணியில் அது இல்லை. எடுத்தாண்டவர் ஏற்றாரா, மறுத்தாரா, இந்த வழக்குக்கு அது பொருந்தாது என்று வேறுபடுத்தினாரா என்ற குறிப்பு துண்டில் இருந்தது. தாக்கக் காரணிக்கு எல்லா மேற்கோளும் ஒன்றே. அதைவிடப் பெரிய சிக்கல் இரண்டு ஆண்டு வரம்பு. உயிரியலிலோ மருத்துவத்திலோ ஒரு கண்டுபிடிப்பை மறு ஆண்டே மற்றவர்கள் சோதித்துப் பார்த்துவிடலாம். சட்டம் அப்படி நகராது. பொருத்தமான வழக்கு வர வேண்டும், அது மேல்முறையீட்டில் ஏற வேண்டும், கட்டுரையைப் படித்த வழக்கறிஞர் அங்கே நிற்க வேண்டும், கேட்கும் மனநிலையில் நீதிபதி இருக்க வேண்டும். வாரன், பிராண்டைஸ் கட்டுரையை ஒரு மாநில உச்ச நீதிமன்றம் ஏற்பதற்கு 15 ஆண்டுகள் ஆயின. இரண்டு ஆண்டுகளில் கணக்கை முடித்திருந்தால் அது எதையும் சாதிக்காத கட்டுரை.

இன்னொரு குறை, நீதிமன்றத் தீர்ப்பில் வரும் மேற்கோள் தாக்கக் காரணியின் கணக்கிலேயே சேராது என்பது. ஒரு சட்டக் கட்டுரைக்கு இதைவிடப் பெரிய பேறு வேறு என்ன இருக்கிறது? இந்தக் குறையை உணர்ந்து அமெரிக்காவின் வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழகச் சட்ட நூலகம் தயாரிக்கும் தரவரிசை, அமெரிக்கத் தீர்ப்புகளில் வரும் மேற்கோள்களையும் எண்ணுகிறது. நல்ல முயற்சி. ஆனால் நாட்டுக்கு நாடு பழக்கம் மாறுகிறது. இங்கிலாந்தில் உயிரோடு இருக்கும் ஆசிரியரின் எழுத்தை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டுவதில்லை என்ற மரபு நெடுங்காலம் இருந்து, 20-ஆம் நூற்றாண்டில்தான் தளர்ந்தது. அந்தக் காலத்து ஆங்கிலேய நீதிபதிகள் ஆய்விதழ் படிக்கவில்லை என்று இதற்குப் பொருள் ஆகாது. படித்தார்கள், வாதத்தை எடுத்துக்கொண்டார்கள், பெயரை எழுதவில்லை; அவ்வளவே. அமெரிக்க இதழ்களிலோ ஏறக்குறைய ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு கேட்பார்கள். ஒரு கட்டுரையில் நூற்றுக்கணக்கில் அடிக்குறிப்புகள் இருப்பது சாதாரணம். அங்கே மேற்கோள் மலிவு. இரண்டு நாட்டு இதழ்களின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் எனக்குச் சிறிதும் நம்பிக்கை இல்லை.

இனி ஆய்வுக் களம். ஓர் இதழ் எதை ஆராய்கிறது என்பதுதான் அதன் செல்வாக்கு எந்தத் திசையில் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. லண்டனில் 1885-இல் ஃபிரடெரிக் பொல்லாக்கை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிய லா குவார்ட்டர்லி ரிவ்யூ, 1891-இல் வந்த யேல் லா ஜர்னல் போன்றவை பொது இதழ்கள். ஒப்பந்தச் சட்டம் முதல் அரசியல் சட்டம் வரை எல்லாம் அவற்றில் வரும். 1907-இல் தொடங்கிய அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் இன்டர்நேஷனல் லா, பெயரே சொல்வதுபோல, பன்னாட்டுச் சட்டத்துக்கானது. பொருளைப் போலவே முறையும் ஒரு களம். சில இதழ்கள் தீர்ப்புகளையும் சட்டப் பிரிவுகளையும் நுணுகிப் பார்க்கும் கட்டுரைகளையே விரும்பும். சில, களத்தில் தரவு திரட்டிச் சட்டம் நடைமுறையில் என்ன செய்கிறது என்று அளந்து பார்ப்பவற்றைத் தேடும். சில இதழ்களுக்குத் தத்துவம், சிலவற்றுக்கு நாடுகளுக்கிடையிலான ஒப்பீடு.

ஓர் இதழ் தன் களத்தைத் துணிந்து வரையறுத்துக்கொண்டால் என்ன நடக்கும் என்பதற்குச் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1958-இல் பிறந்த ஜர்னல் ஆஃப் லா அண்ட் எகனாமிக்ஸ் சான்று. சட்டத்தைப் பொருளாதாரக் கண்ணால் பார்ப்பது மட்டுமே அதன் நோக்கம். முதல் ஆசிரியர் ஆரன் டைரக்டர். 1959-இல் ரொனால்ட் கோஸ் அதில் வானொலி அலைவரிசை ஒதுக்கீடு பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் இருந்த ஒரு வாதம் தவறு என்று சிகாகோப் பொருளாதார அறிஞர்கள் கருதினார்கள். கட்டுரையை ஒதுக்கித் தள்ளாமல் அவரையே அழைத்து டைரக்டரின் வீட்டில் ஒரு மாலை முழுக்க வாதாடினார்கள். முடிவில் கோஸ் பக்கம்தான் எல்லோரும் சாய்ந்தார்கள். இதை விரித்து எழுதித் தாருங்கள் என்று கேட்டுக்கொண்டதன் விளைவுதான் சமூகச் செலவு பற்றி 1960-ஆம் ஆண்டு இதழுக்காக அவர் எழுதிய கட்டுரை.

அதில் கோஸ் எடுத்தாளும் வழக்கு 1879-இல் இங்கிலாந்தில் நடந்தது. மிட்டாய் செய்பவர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தன் சமையலறையில் உரல்களை வைத்து இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு மருத்துவர் அந்தச் சுவரை ஒட்டி நோயாளிகளைப் பார்க்கும் அறை கட்டினார். இரைச்சல் தாங்கவில்லை என்று வழக்குப் போட்டார், வென்றார். மிட்டாய்க்காரர் மருத்துவருக்குத் தீங்கு செய்தார் என்று நாம் உடனே சொல்லிவிடுவோம். கோஸ் கேட்டார்: அறை கட்டியது மருத்துவர்தானே? இரைச்சலை நிறுத்தினால் மிட்டாய்க்காரருக்கு நட்டம், நிறுத்தாவிட்டால் மருத்துவருக்கு நட்டம். தீங்கு இரு பக்கமும் ஓடுகிறது. பேரம் பேச இருவருக்கும் செலவே இல்லை என்று வைத்துக்கொண்டால், நீதிமன்றம் யார் பக்கம் சொன்னாலும் அந்த இடம் கடைசியில் எதற்குக் கூடுதல் மதிப்போ அதற்கே பயன்படும். ஆனால் உண்மை வாழ்வில் பேரத்துக்குச் செலவு உண்டு. எனவே சட்டம் யாருக்கு உரிமை கொடுக்கிறது என்பது பெரிய விஷயமாகிவிடுகிறது.

இந்தக் கட்டுரைக்கு ஒரு சாதாரணப் பொது இதழில் இடம் கிடைத்திருக்குமா என்பதே ஐயம்தான். தீர்ப்பைப் பொருளாதாரமாகப் படிக்கும் ஆசிரியரும் வாசகரும் ஏற்கெனவே கூடியிருந்த இடத்தில் அது விழுந்தது; அங்கிருந்து தனி ஆய்வுத் துறையே முளைத்தது. கோஸ் 1991-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றபோது இந்தக் கட்டுரையும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2012-இல் மிச்சிகன் லா ரிவ்யூ வெளியிட்ட பட்டியலில், எல்லாக் காலத்திலும் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட சட்டக் கட்டுரைகளில் இது முதலிடம். வாரனும் பிராண்டைஸும் இரண்டாமிடம்.

கட்டுரை ஓங்கி வளர இதழ் உச்சியில் இருக்க வேண்டும் என்பதில்லை. 1989-இல் கிம்பர்லே கிரென்ஷா, ஆண்டுக்கு ஒரு பொருளை எடுத்துக்கொள்ளும் யூனிவர்சிட்டி ஆஃப் சிகாகோ லீகல் ஃபோரம் என்ற இதழில் எழுதினார். ஜெனரல் மோட்டார்ஸ் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் தொடுத்த பாகுபாட்டு வழக்கை 1976-இல் ஒரு நீதிமன்றம் எப்படி அணுகியது என்பதை அவர் பிரித்துக் காட்டினார். 1964-க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு எடுக்கப்பட்டவர்களை ஆட்குறைப்பு முதலில் விழுங்கியது. வெள்ளையினப் பெண்கள் முன்பே வேலையில் இருந்தார்கள், எனவே பாலினப் பாகுபாடு இல்லை என்றது நீதிமன்றம். இனப் பாகுபாடு வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது என்றது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் நிற்பவர் சட்டத்தின் கண்ணில் படவே இல்லை என்று கிரென்ஷா காட்டினார். அந்தக் கருத்து இன்று சமூகவியலிலும் மனித உரிமைப் பேச்சிலும் அன்றாடம் புழங்குகிறது. இதழின் தரவரிசையைப் பார்த்துக் கட்டுரையை ஒதுக்குபவர்கள் இதைத் தவறவிட்டிருப்பார்கள்.

கட்டுரைகளைத் தேர்ந்தெடுப்பது யார் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்கச் சட்ட இதழ்களில் பெரும்பாலானவற்றுக்கு மாணவர்களே ஆசிரியர்கள். எழுதியவர் ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். ஓர் இதழ் ஏற்றுக்கொண்டால் அதைச் சொல்லி மேலே உள்ள இதழை அவசரப்படுத்தலாம். மாணவர்கள் ஒவ்வோர் அடிக்குறிப்பையும் மூலத்தோடு சரிபார்ப்பார்கள். அந்த உழைப்பு அபாரமானது. ஆனால் இருபது ஆண்டு அனுபவமுள்ள ஒருவரின் வாதத்தை எடைபோடும் பயிற்சி எல்லா மாணவர்களுக்கும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. மற்ற நாடுகளில் பெரும்பாலும் சக அறிஞர் மதிப்பாய்வு நடக்கிறது. கட்டுரையை ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்பலாம்; எழுதியவர் பெயர் தெரியாமல் துறை வல்லுநர்கள் படித்துக் கருத்துச் சொல்வார்கள். என் விருப்பம் இரண்டாவது முறைக்கே. நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

செல்வாக்குப் பெற்றது எல்லாம் சரியானது என்று நினைத்துவிடவும் கூடாது. 1934-இல் ஒரு நள்ளிரவில் பென்சில்வேனியாவில் தண்டவாளம் ஓரமாக நடந்துபோன ஹாரி டாம்ப்கின்ஸ் என்பவர் மீது, ஓடும் ரயிலிலிருந்து துருத்திக்கொண்டிருந்த எதுவோ மோதி அவர் கை போயிற்று. அந்த வழக்கு 1938-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், 1842 முதல் நடைமுறையில் இருந்த ஒரு முன்னோடித் தீர்ப்பையே தூக்கி எறிய வைத்தது. தீர்ப்பை எழுதியவர் அதே பிராண்டைஸ். அவர் நம்பிய சான்றுகளில் ஒன்று, 1923-இல் ஹார்வர்ட் லா ரிவ்யூவில் சார்லஸ் வாரன் எழுதிய கட்டுரை. முன்பு பார்த்த வாரன் வேறு, இவர் வேறு. 1789-ஆம் ஆண்டு நீதித்துறைச் சட்டத்தின் கையெழுத்து வரைவைச் செனட் ஆவணங்களுக்கிடையே கண்டெடுத்து, அதுவரை நீதிமன்றங்கள் அந்தச் சட்டத்தைத் தவறாகப் படித்துவந்தன என்றார் இவர். அந்த வரைவிலிருந்து அவர் எடுத்த முடிவு சரிதானா என்று பிற்காலச் சட்ட வரலாற்றாளர்கள் கடுமையாகக் கேள்வி எழுப்பினார்கள். தீர்ப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

ஓர் இதழை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்கள் இணையதள முகப்பில் இருக்கும் எண்ணோடு நின்றுவிட வேண்டாம். நோக்கமும் எல்லையும் என்ற பகுதியைப் படியுங்கள். பிறகு கடந்த மூன்று நான்கு ஆண்டு இதழ்களின் உள்ளடக்கத்தை அதனோடு ஒப்பிடுங்கள். மனித உரிமை எங்கள் களம் என்று எழுதிவைத்துவிட்டு நிறுமச் சட்டக் கட்டுரைகளையே போட்டுக்கொண்டிருந்தால் அந்த இதழுக்குக் களம் இல்லை. அடுத்து, பத்து ஆண்டுக்கு முந்தைய ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து அது எங்கெல்லாம் எடுத்தாளப்பட்டது என்று தேடுங்கள். தீர்ப்புகளிலும், சட்ட ஆணைய அறிக்கைகளிலும், பாடநூல்களிலும் பாருங்கள். கிடைத்த இடத்தில் அது வாதத்தின் நடுவே விவாதிக்கப்படுகிறதா, பத்துப் பெயர்களில் ஒன்றாக அடிக்குறிப்பில் ஒதுங்கி நிற்கிறதா என்பதைக் கவனியுங்கள். கட்டணம் இல்லாமல் படிக்க முடிகிறதா என்பதும் முக்கியம். சந்தா கட்ட வசதியில்லாத நீதிமன்றத்து வழக்கறிஞர், படிக்க முடியாத கட்டுரையை எடுத்துக்காட்டப் போவதில்லை.

உங்கள் கட்டுரையை அனுப்ப இதழ் தேடுகிறீர்கள் என்றால் ஓர் எச்சரிக்கை. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுகிறோம் என்று சொல்லும் இதழ்களும் தாக்கக் காரணி என்று ஏதோ ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கின்றன. ஆசிரியர் குழுவில் இருப்பதாகச் சொல்லப்படும் பேராசிரியர்களின் பல்கலைக்கழகப் பக்கத்துக்குப் போய், அந்த இதழின் பெயர் அங்கேயும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்பாதீர்கள்.